அழிக்காத ஐம்பது ஓட்டு: பெரம்பலூரிலிருந்து திருமானூர்ப் பக்கம்

கோட்டை பார்க்க, கோயில் பார்க்க இந்தப் பக்கம் வருகிறவர்கள் உண்டு. சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் என் அக்கா வீட்டுக்காரரும் கிளம்பியது ஒரு தப்பை ஒப்புக்கொள்ள. மாமா பள்ளி ஆசிரியர். போன பெரிய தேர்தலில் திருமானூருக்கு அருகே ஒரு கிராமத்து வாக்குச்சாவடிக்கு அவர்தான் பொறுப்பு.

பெரம்பலூரில் காலை 7.10-க்குப் பஸ். அரியலூர் முப்பது கிலோமீட்டர். அங்கே மாறித் திருமானூர் போய் இறங்கும்போது மணி 9.20. ஆளுக்கு ஐம்பத்தைந்து ரூபாய். சிமென்ட் லாரிப் புழுதி அப்பும், ஜன்னலோரம் வேண்டாம்.

நடந்தது இதுதான். ஓட்டுப்பதிவுக்கு முன்னால் கட்சி முகவர்கள் எதிரில் ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, அதை மிஷினிலிருந்து அழிக்க வேண்டும். மணி ஏழாகப்போகிற அவசரத்தில் மாதிரி ஓட்டுக்கு மிஷின் பக்கத்துப் பெட்டியில் அச்சாகி விழுந்த சீட்டுகளை மட்டும் மாமா எடுத்து உறையில் போட்டு மூடினார். மிஷினில் அழிக்க மறந்தார். எண்ணும்போது ஐம்பது ஓட்டு அதிகம். மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார், திட்டும் வாங்கினார். பெட்டியில் இருந்த நிஜ ஓட்டுச் சீட்டுகளை எண்ணியதில் கணக்கு நேரானது. ஆனால் ஊருக்குள் வேறு கதை. வெளிநாட்டுக்காரன் சாட்டிலைட் வழியாக ஐம்பது ஓட்டுப் போட்டுவிட்டான் என்று போன் போனாகப் பரவியது. வயரும் நெட்டும் இல்லாத மிஷினுக்குள் எப்படியய்யா நுழைவான்? கேட்க ஆளில்லை.

"நுணலும் தன் வாயால கெடும்பாங்க மாமா. பழி எவன் மேலயோ போயிடுச்சு, வுட்டுடுங்களேன்" என்றேன் பஸ்ஸில்.

"அதாண்டா தூங்க வுடல" என்றார்.

திருமானூரில் ஆட்டோ 120 ரூபாய். "மிஷின்ல வெளிநாட்டான் பூந்த ஊருக்குங்களா?" என்று டிரைவரே கேட்டார்.

அந்த ஊர் டீக்கடையில் கரும்பு வெட்டிவிட்டு வந்த பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். மாமா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

அமுதா என்ற அம்மா கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப என் ஓட்டு?"

"நீங்க போட்டது போட்டபடி எண்ணியாச்சுங்க. எவனும் உள்ள வரல. தப்பு என்னுதுங்க."

"அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாம்ல சார்? எவனோ போடுற ஓட்டுக்கு நாம எதுக்குக் கூலிய வுட்டுட்டு நிக்கணும்னு, நடுவுல வந்த பஞ்சாயத்து எலக்சனுக்கு எங்க தெருவே போவல."

மாமா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

முகவராக உட்காரப் போகிறவர்களுக்கு: விடியற்காலை ஐந்தரைக்கே போய்விடுங்கள். மாதிரி ஓட்டை அழித்து, மிஷின் பூஜ்யம் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். முடிந்ததும் ஓட்டுக் கணக்குப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தப்பு நடந்தால் மேலே எழுதிக் கொடுத்ததோடு விடாமல் ஊரிலும் அன்றைக்கே சொல்லுங்கள். அந்தத் தெரு போகாமல் விட்ட பஞ்சாயத்துத் தேர்தலில் மிஷினே கிடையாது. காகிதச் சீட்டில் முத்திரை குத்தும் ஓட்டு அது.