சாசர் வைத்து வரைந்த வட்டம்

எங்கள் காக்ஸ் டவுன் பேட்டையில் என்னைப் போல வட்டம் போட இன்னொருத்தி பிறந்துதான் வரவேண்டும். எட்டு வயதிலேயே இதைச் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அந்தத் திறமையால்தான் அத்தையின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன்.

அத்தை, அப்பாவின் தங்கை. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் படம் வரைகிற தற்காலிக வேலை. பால்வெளியின் நட்டநடுவில் வாயு இருக்கிறதாம். அது ரேடியோ அலைகளை விடுகிறதாம். எந்த இடத்தில் எவ்வளவு என்று வெளிநாட்டிலிருந்து எண்கள் வரும். கட்டம் போட்ட தாளில் அவற்றை மையால் குறித்து, ஒரே அளவு எண்களைப் பென்சில் கோட்டால் இணைப்பாள். வளையத்துக்குள் வளையமாக வரும். அந்த முறை மட்டும் எல்லா வளையமும் இடப்பக்கம் பிதுங்கி நின்றன.

ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து வந்ததும் அம்மாவிடம் புலம்பினாள். "மூணு தடவ போட்டாச்சு அண்ணி. கோணலாத்தான் வருது. சார் என்னடான்னா உன் கைதான் கோணல், நாளைக்கு ரவுண்டா வரலன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்றாரு."

"அவர் கேக்குற மாதிரியே போட்டுக் குடுத்துட்டுப் போயேன். மேல ஏறி யாரு பாக்கப் போறா?" என்றாள் அம்மா.

அம்மா சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்ததும், அத்தை வீட்டுக்கு எடுத்து வந்திருந்த தாளில் அவள் கோடுகளை ரப்பரால் அழித்தேன். டீ சாசர், டம்ளர், மருந்துப் புட்டி மூடி என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வரைந்தேன். அடடா, நிலாவே தோற்றது போங்கள்!

அத்தை எழுந்து வந்தாள். பாராட்டுக்காகப் பக்கத்தில் நின்றேன். வெகுநேரம் தாளையே பார்த்தாள். அதைச் சுருட்டிப் பையில் வைக்கக்கூடப் போனாள். பிறகு உட்கார்ந்து என் வட்டங்களை அழித்தாள்.

"அழகா இருக்குடி. ஆனா அங்க இப்படி இல்லியே" என்றாள். எண்களைப் பார்த்துப் பார்த்து நான்காம் முறையும் கோணலாகவே வரைந்தாள், இந்தத் தடவை கோடுகளையும் மையிலேயே. எனக்கு வந்த கோபத்தில் மாலை காப்பிகூடக் குடிக்கவில்லை.

மறுநாள் சார் சத்தம் போட்டுவிட்டு, தானே உட்கார்ந்து புள்ளி வைத்துப் பார்த்தாராம். அவருக்கும் கோணலாகவே வந்ததாம். அத்தையின் வேலை பிழைத்தது. சாருக்கும் கை கோணல்தான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

என் வட்டத்தைக் கொடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை என்பது அத்தைக்குத் தெரியும். தெரிந்துதான் அழித்தாள். அது எனக்கு உறைக்க, நானும் ஒரு சார் முன்னால் கைகட்டி நிற்கிற வயது வரவேண்டியிருந்தது.