கொசுவில் முதலிடம்

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு எதிலாவது பரிசு கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. மாதா தேர்கூடப் பெரிய தெருவோடு திரும்பிவிடும். அப்படிப்பட்ட தெருவுக்குக் கல்லூரியில் படிக்கும் ஒரு அக்கா வந்து, எங்கள் வீட்டு வாசலாகப் பார்த்து ஒரு கறுப்பு அட்டையை ஆணியில் மாட்டினால் எனக்குத் தலைகால் புரியுமா? நான் அப்போது நான்காம் வகுப்பு.

அட்டை முழுக்கப் பசை. எலி பிடிக்கக் கடையில் விற்பார்களே, அந்த மாதிரி. கொசுவுக்குப் புகை அடிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு கொசு ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அக்கா. பெரிய தெருவில் தையல்கடை வாசலிலும் ஒன்று மாட்டியிருந்தார். இரண்டு தெரு, இரண்டு அட்டை. போட்டி என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

அன்றிலிருந்து பள்ளிவிட்டு வந்தால் அட்டைக்கு முன்னால்தான் குடியிருப்பு. கொசு என்றால் அடித்து நசுக்க மட்டுமே தெரிந்த எனக்கு, அதன் காலில் வெள்ளை வளையம் உண்டு என்பது அங்கேதான் தெரிந்தது. சிலதின் வயிறு சிவப்பாக உப்பியிருந்தது. யார் வீட்டு ரத்தமோ என்று வெகுநேரம் யோசிப்பேன். கிட்டப் போய்ப் பார்க்கிறேன் பேர்வழி என்று ஒருநாள் மூக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா தேங்காயெண்ணெய் தடவித் திட்டிக்கொண்டே பிரித்தாள். எங்கள் கொசுக்களைத் தின்ன வந்த பல்லியை விளக்குமாற்றால் விரட்டுவதும் என் பொறுப்பாயிற்று.

அம்மாவுக்கு அட்டையில் அக்கறையே இல்லை. தம்பி பிறந்து மாதம்கூட ஆகவில்லை. குடை மாதிரி விரியும் கொசுவலைக்குள் அவனைப் படுக்கவைத்துவிட்டு, புகை எப்போது வரும், எப்போது வரும் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதவு சன்னலைத் திறந்து வையுங்கள், சாப்பாட்டை மூடி வையுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப்போனார்கள். சாயங்காலம் அம்மா எல்லாவற்றையும் திறந்துபோட்டு, சோற்றுப் பானையை மூடி, தம்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். புகை வந்தால் கோயில் பக்கம் போய்விடலாம் என்று திட்டம். பெரிய தெருவில் மிஷின் உறுமியது. வெள்ளைப் புகை கூரைக்கு மேலே எழும்பியது. எங்கள் தெரு முனைவரை வந்த சத்தம் நேராகப் போய்விட்டது. அம்மா இருட்டும்வரை நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் அட்டையை எடுக்க அக்கா வந்தார்.

"கொழந்தைய வெச்சிக்கினு இருக்கேம்மா. எங்க தெருவுக்கு எப்பதான் வரும்?" என்று கேட்டாள் அம்மா.

"அடுத்த வாரம் வரும்க்கா." அக்கா அட்டையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

தையல்கடை அட்டையும் அவர் கையில் இருந்தது. அதில் ஏதோ பேருக்கு நாலைந்து. எங்களுடையதில் விரல் வைக்க இடமில்லை. நாங்கள்தானே ஃபர்ஸ்ட் என்று கேட்டேன். அக்கா என் தலையில் கை வைத்து, ஆமாம் என்றார். தெரு முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அடுத்த வாரத்துப் புகைக்கு முன்பே தம்பிக்கு உடம்பு கொதித்தது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். அவன் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்த நர்ஸிடம், கொசுவில் எங்கள் தெருதான் ஃபர்ஸ்ட் என்றேன். அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபமாக வந்தது. ஜெயித்த வீட்டில் யாராவது அழுவார்களா?

தம்பி பிழைத்துக்கொண்டான். இப்போது என்னைவிட உயரம், எனக்கே புத்தி சொல்கிறான். நான் கல்லூரியில் விலங்கியல் எடுத்த பிறகுதான் அந்தப் போட்டியின் விதி புரிந்தது. புகை கொசுவைக் கொல்கிறது என்று நிரூபிக்க, புகை அடிக்காத தெரு ஒன்றும் வேண்டும். எங்கள் தெருவை யாரும் மறந்துபோகவில்லை. யோசித்துத்தான் விட்டிருந்தார்கள்.

இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பேச்சு வரும்போதெல்லாம், "அன்னிக்குப் பாரு, மிஷின்ல டீசல் தீந்துபூட்டிருக்கும், பாவம்" என்கிறாள்.