முற்றத்தில் நின்ற செற்றி

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒரு சாமான் வாங்குவதென்றால் ஒரேயடியாக நல்லதாக, பெரிதாக வாங்கிவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. கைக்கு எட்டின அளவில் ஒவ்வொன்றாக வாங்கி, பிறகு ஆறுதலாகத் திருத்திக்கொள்ளலாம் என்பது அம்மாவின் கட்சி. நான் நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பாவின் பக்கம். அதற்குக் கொள்கை ஒன்றும் காரணமில்லை. அப்பாவின் கட்சியில் கொளுத்தி விளையாடப் பூந்திரியும் தின்ன ஐஸ்கிறீமும் கிடைத்தன. அம்மாவின் கட்சியில் கதவுப் பிணைச்சலும் சீமெந்தும்தான் கிடைத்தன. எட்டு வயதுப் பிள்ளை பிணைச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

அப்பாவும் அம்மாவும் விடத்தல்தீவில் பிறந்து வளர்ந்தவர்கள். சண்டைக் காலத்தில் அங்கிருந்து வெளிக்கிட்டு, எங்கெங்கோ தங்கிவிட்டு, நான் கைக்குழந்தையாக இருக்கும்போது மன்னார்த் தீவுக்கு வந்து குடியேறினார்கள். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு எங்களுடையது. ஒரு விறாந்தை, ஒரு ஹோல், ஒரு அறை. வந்தபோது கதவுகூட இருக்கவில்லையாம். ஒரு வருடம் கதவு போட்டார் அம்மா. அடுத்த வருடம் யன்னல். அதற்கடுத்த வருடம் நிலத்துக்குச் சீமெந்து. ஒவ்வொன்றும் முடிந்தவுடன் அயலட்டையெல்லாம் கூட்டிக் காட்டுவார். யன்னலைத் திறந்து மூடிக் காட்டுவதற்குத் தேத்தண்ணி கொடுத்த ஒரே மனுசி என் அம்மாவாகத்தான் இருக்கும்.

மிச்சமாக நின்றது குசினி. வீட்டுக்குப் பின்னால் நான்கு தடி நட்டு, கிடுகு வேய்ந்து, அதற்கு மேலே தறப்பாளை இழுத்துக் கட்டிய கொட்டில்தான் எங்கள் குசினி. மாரி தொடங்கினால் அம்மா ஒரு கையில் அகப்பையும் மற்றக் கையில் குடையுமாகச் சமைப்பார். கல்லால் கட்டிய குசினி ஒன்று வேண்டுமென்று அவர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். "பாப்பம்" என்பார் அப்பா. அந்தப் "பாப்பம்" மூன்று நான்கு மாரிகளைத் தாண்டியிருந்தது. அம்மாவுக்கு அதைத் தவிர வேறு ஆசை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த வருடம் நண்டு அள்ளிக் கொடுத்தது. அப்பாவின் வலையில் கடல் தாராளமாக இருந்தது. "மழைக்கு முந்தி குசினி" என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அப்பாவும் தலையாட்டிவிட்டு, கல்லும் சீமெந்தும் எடுத்து வருகிறேன் என்று ரவுணுக்குப் போனார். அம்மா லொறியிலிருந்து கல் பறிப்பதற்கென்று வேலியோரம் கூட்டித் துப்புரவாக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் ஒரு சின்ன லொறி வந்தது. அதிலிருந்து கல் இறங்கவில்லை. செற்றி இறங்கியது. மூன்று பேர் இருக்கக்கூடிய நீளக் கதிரை ஒன்று, தனிக் கதிரை இரண்டு. கடும் சிவப்பு மெத்தை, பொன் நிறக் கால்கள், மேலே மொட மொடவென்று கண்ணாடி மாதிரிப் பிளாஸ்ரிக் உறை. அப்படியொரு வடிவான சாமானை நான் அதுவரை தொட்டதில்லை. ஓடிப்போய் முகத்தை அதில் வைத்து மணந்து பார்த்தேன்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றார் அம்மா.

"அடுத்த கிழமை மாதா வாறா. வாற சனமெல்லாம் பிளாஸ்ரிக் கதிரையிலயோ இருக்கிறது?" என்றார் அப்பா.

"மாதா கதிரையில குந்தவோ வாறா?"

ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் ஒழுங்கையில் மாதாவின் சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். பின்னேரம் மெழுகுதிரிகளோடு சனம் தூக்கி வந்து ஒரு வீட்டில் வைத்துச் செபமாலை சொல்லும். அடுத்த நாள் பின்னேரம் அடுத்த வீடு. அந்த வருடம்தான் முதல்தடவை எங்கள் வீட்டுப் பெயரும் வந்திருந்தது.

அம்மா அன்றிலிருந்து அப்பாவோடு கதைக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் என் வழியாகச் சொன்னார். அப்பா முன்னாலேயே இருப்பார். "உன்ர அப்பாவிட்டச் சொல்லு, சோறு போட்டாச்சு எண்டு." நானும் திரும்பிச் சொல்வேன். தபால்காரி மாதிரி எனக்கு நல்ல மதிப்பு இருந்த கிழமை அது.

கடைசியில் அப்பா கடைக்காரருக்கு ரெலிபோன் எடுத்தார். உறை கிழியாமல், அழுக்குப் படாமல் இருந்தால் திருப்பி எடுப்பேன் என்று அவர் சொன்னார். மாதா போன அடுத்த நாள் செற்றியும் போய், திரும்பி வருகிற காசில் குசினிக்குக் கல் வாங்குவதென்று முடிவானது. அப்பா சம்மதித்தாலும் உள்ளுக்குள் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. வருகிற சனம் "அட, என்ன வடிவான செற்றி!" என்று சொன்னால் அம்மாவின் மனம் மாறிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான். அம்மாவோ ஒரு கிழமை முழுக்கச் செற்றிக்குக் காவல் இருந்தார். நான் கிட்டப் போனாலே "எழும்படி!" என்பார். இருந்தால்தானே எழும்புவதற்கு!

மாதா வந்தா. வாசலுக்கு மாலை கட்டி, வெள்ளைத் துணி விரித்த மேசையில் சுரூபத்தை வைத்தாயிற்று. பின்னால் வந்த சனம் வாசலில் அப்படியே தேங்கி நின்றது. ஹோல் முழுக்கச் செற்றி. பாய் விரிக்க இடமில்லை, முழங்காலில் நிற்க இடமில்லை. மாதாவுக்கு முன்னால் மெத்தையில் ஏறியிருந்து செபமாலை சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? ஒழுங்கையில் செபத்தை நடத்துகிற மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. இதுகளை ஒருக்கா வெளியில வையுங்கோ. சனம் எங்க நிக்கிறது?"

ஒரு கிழமையாக அப்பா எதிர்பார்த்திருந்த பாராட்டு அதுதான். நான்கு பேர் சேர்ந்து செற்றியைத் தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். அம்மா பின்னாலேயே போய் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

செபமாலையில் ஒரு பத்து மணியை வீட்டுக்காரர் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பத்துத் தரம் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடியும்வரை இடையில் நிறுத்தக் கூடாது, எழும்பக் கூடாது. அப்பா முழங்காலில் நின்று நல்ல கம்பீரமாகத்தான் தொடங்கினார். மூன்றாவது மணியில் அவருடைய கண் யன்னலுக்குப் போனது. நானும் பார்த்தேன். வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு ஒரு கழுதை முற்றத்துக்குள் வந்துகொண்டிருந்தது. எங்கள் தீவில் கழுதைகள் தெருவுக்குச் சொந்தக்காரர். அவை எங்கே போனாலும் யாரும் கேட்பதில்லை.

அப்பாவின் செபம் விரைவு பிடித்தது. ஐந்தாவது மணியில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கழுதை செற்றியை மணந்து பார்த்தது. ஏழாவது மணியில் 'அருள் நிறைந்த' என்பதற்கும் 'இயேசுவும்' என்பதற்கும் இடையில் மூச்சே இருக்கவில்லை. சனத்தால் பின்னால் ஓடிப் பிடிக்க முடியவில்லை. மாமி திரும்பி முறைத்தார். ஒரேயொரு ஆள்தான் அப்பாவுக்கு ஈடாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அது அம்மா. அவரும் யன்னலைப் பார்த்துவிட்டார். 'தூய மரியே' என்று மிச்சப் பாதியை அவர் பிடிப்பதும் அப்பா அடுத்ததைத் தொடங்குவதும் பந்து எறிந்து விளையாடுவது மாதிரி இருந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேராகக் கதைத்துக்கொண்டது அந்தச் செபத்தில்தான்.

பத்தாவது மணி முடிந்ததும் அப்பா பாய்ந்து வெளியே ஓடினார். என்ன பிரயோசனம்! நீளக் கதிரையின் ஒரு கை போய்விட்டது. கிழிந்த உறை மண்ணில் இழுபட்டது. பஞ்சு முற்றமெல்லாம் பறந்தது. கழுதை சிவப்புத் துணி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு ஆறுதலாகச் சப்பியது.

சனம் செபத்தை முடித்து, தேத்தண்ணி குடித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனது. பொழுது பட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இனிச் செற்றி திரும்பாது, குசினியும் வராது. அம்மா வெடிக்கப் போகிறார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அம்மா வந்து மிச்ச உறையை ஒரே இழுவையாகக் கிழித்து எறிந்துவிட்டு, நல்ல பக்கமாகப் பார்த்து இருந்தார்.

"வாங்கோ, வந்து இருங்கோ. வாங்கினதுக்கு இருந்து பாப்பம்."

அப்பா தயங்கித் தயங்கி வந்து நுனியில் குந்தினார். "நான் செய்தது பிழைதான்" என்றார்.

"பிழையைக் கேக்கேல்ல. ஏனெண்டு கேக்கிறன்."

அப்பா பக்கத்தில் கிடந்த பஞ்சைப் பொறுக்கிக் கிழிந்த இடத்துக்குள் திணித்தார். பிறகு சொன்னார்: "அங்க எங்கட வீட்டில எல்லாம் ஒண்டொண்டாத்தான் சேத்தனாங்கள். நல்ல கதிரை கடைசியா எண்டு வைச்சிருந்தம். வீடு முடிஞ்ச கையோட சண்டை வந்து வெளிக்கிடச் சொல்லிப்போட்டாங்கள். இந்த முறை ஒருநாளெண்டாலும் நல்ல கதிரையில இருந்திட்டுப் போவம் எண்டு…"

அம்மா அவர் முகத்தையே பார்த்தார். "இன்னும் போறதெண்டோ நினைச்சுக்கொண்டிருக்கிறீங்கள்? அதாலதானே குசினி எண்டா 'பாப்பம்' எண்டுறீங்கள். தறப்பாளைக் கழட்டிச் சுருட்டலாம், கல்லுச் சுவரைச் சுருட்டேலாது. எனக்குச் சுருட்டேலாத குசினிதான் வேணும்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "திரும்பவும் ஓட வருமெண்டு நினைக்கிறீங்களோ?"

"ஆர் ஓடுறது?" என்று கேட்டேன் நான். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இருவரும் சிரித்துவிட்டார்கள். அப்பா என்னை இழுத்து நடுவில் இருத்தினார். மெத்தை என்னைப் புதைத்தது. வேறொன்றும் எனக்குத் தேவைப்படவில்லை. "வராதெண்டு நினைக்கப் பாக்கிறன்" என்று என் தலைக்கு மேலால் அம்மாவுக்குச் சொன்னார் அப்பா.

அடுத்த நாள் காலை எழும்பிப் பார்த்தால் அப்பா கடலுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் கயிறு பிடித்து, மண்வெட்டியால் அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார். கல் இல்லை. சீமெந்து இல்லை. வாங்குவதற்குக் கையில் ஒன்றுமில்லை. மழை பெய்தால் மண் சரிந்து எல்லாம் மூடிவிடும் என்று எனக்கே தெரிந்தது. அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, முகமோ ஒரே சிரிப்பு. சிவப்பு மெத்தைச் செற்றியைக் கண்டு ஒரு கிழமை முகம் திருப்பிக்கொண்டிருந்தவர், மண்ணில் வெட்டின ஒரு வெறும் கிடங்கைப் பார்த்து ஏன் இப்படிப் பூரிக்கிறார் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. பெரியாக்களுக்கு விசர் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.