திருநின்றவூரில் ஒரு நடு அறை

இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் ஒரு காட்சியை என்னால் சும்மா பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. ஆவடி ஸ்டேஷன் எதிரே இருக்கும் டீக்கடையில், சாறு இறங்கிய தேயிலையை வடிகட்டியிலிருந்து உதறிச் சாக்கடையோரம் கொட்டுவார்கள். வந்த புதிதில் மனசு கேட்காமல், "இலையை இப்படி வீணாக்குறீங்களே" என்று சொல்லிவிட்டேன். டீ போடுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா நைனா, அத்தையும் துன்னுவியா?" என்றார். "எங்க ஊர்ல திம்போம்" என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்? கடையே சிரித்தது. அன்றைக்கு அந்தக் கடையில் டீத்தூள் தின்கிற பர்மாக்காரன் ஆனவன்தான், இன்றுவரை பெயர் மாறவில்லை.

நம் ரங்கூன் ஜனங்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இளந்தேயிலையை அவித்துப் புளிக்க வைத்தால் அதன் பெயர் லப்பெ. மூங்கிலில் பின்னி அரக்குப் பூசிய வட்டப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கும். நடு அறையில் லப்பெ, சுற்றியுள்ள அறைகளில் வறுத்த பூண்டு, வேர்க்கடலை, எள், காய்ந்த இறால். மூன்று விரலால் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் தெருவில் அந்தப் பெட்டி பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும், விளக்கு வைப்பதற்குள் தானாகத் திரும்பி வந்துவிடும். கேட்கிற வேலையே கிடையாது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ரங்கூனில் மரம் அறுக்கும் ஆலையில் கூலி. அறுபதுகளின் நடுவில் கப்பலேறி வந்தபோது என் கையில் ஒரு தகரப் பெட்டி, என் மனைவி தங்கம்மாவின் மடியில் அவள் அம்மா கொடுத்த அந்த அரக்குப் பெட்டி. அவ்வளவுதான் எங்கள் சொத்து. அவள் அம்மா அங்கேயே தங்கிவிட்டார்கள், பிறகு அங்கேயே போயும் சேர்ந்தார்கள். இன்றைக்கு அம்பத்தூரில் என் கிரில் பட்டறையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டு ஜன்னலுக்கு நான் கம்பி அடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். தெரியாத வேலை என்று ஒன்றை நான் ஒத்துக்கொண்டதில்லை.

அப்படிப்பட்ட என் வீட்டில் ஒரு தப்பு நடந்துவிட்டது. ஆவடியில் நாங்கள் முதலில் குடியிருந்தது ஒரு லைன் வீடு. பக்கத்துப் போர்ஷனில் சரோஜா. அவள் புருஷன் ஃபாக்டரியில் வேலை. முதல் பொங்கலுக்கு லப்பெ கிடைக்கவில்லை. தங்கம்மா நடு அறையைக் காலியாக விட்டு, சுற்றிலும் பூண்டும் கடலையும் எள்ளும் நிரப்பி, பெட்டியைச் சரோஜாவிடம் கொடுத்தாள். சாயங்காலம் திரும்பும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. இவ்வளவு அழகான பெட்டியில் வைத்துக் கொடுத்தால் பெட்டியோடு சேர்த்து வரிசை என்றுதானே இந்த ஊரில் நினைப்பார்கள்? சரோஜா நெகிழ்ந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கியிருக்கிறாள். தங்கம்மா கேட்கவில்லை. "கொடுத்ததக் கேட்டா நாக்கு அழுகிடும்" என்றாள். சித்திரையில் சரோஜா குடும்பம் திருநின்றவூரில் மனை வாங்கிப் போய்விட்டது. பெட்டியும் போனது.

மூன்று வருஷம் கழித்து, பிந்திய கப்பலில் வந்த என் மச்சான் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். லப்பெ! எனக்கு நாக்கில் ஊறியது. தங்கம்மா அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். "அம்மா பெட்டியில வச்சாத்தான் அது லப்பெ. இல்லாட்டி வெறும் இலை." பேச்சு அவ்வளவுதான். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பார்களோ, பிள்ளைகள் உடைத்திருப்பார்களோ என்று அவளுக்குள் ஓடியது எனக்குத் தெரியும். "நான் போய் வாங்கிட்டு வரேன், எனக்கா பேசத் தெரியாது?" என்று ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினேன்.

"அண்ணாத்தே! வா வா, குந்து. யக்கா வர்லியா?" என்று சரோஜா ஓடி வந்தாள். அடுப்பு மேடையில் பெட்டி இருந்தது. திறந்து கிடந்தது. பூண்டு இருந்த இடத்தில் கடுகு, எள் இருந்த இடத்தில் மிளகு, இறால் இருந்த இடத்தில் மஞ்சள். என் மாமியாரின் பெட்டி அஞ்சறைப் பெட்டி ஆகியிருந்தது!

"யக்கா குட்த்தது. டெய்லி தொட்றேன், டெய்லி யக்காவ நெனச்சுக்கிறேன்" என்றாள்.

எப்படிக் கேட்பது? ஜன்னல் கம்பிக்கு வாய் ஓயாமல் பேரம் பேசுகிறவன், அவள் போட்ட வடையைத் தின்றுவிட்டு எழுந்தேன். போகிற போக்கில், "நடுவுல ஏன் ஒண்ணும் வைக்கல?" என்று மட்டும் கேட்டேன்.

"எத்தினி வாட்டி கய்வினாலும் ஒரு வாசன போவல அண்ணாத்தே. அது யக்கா ஊட்டு வாசன போல கீது. அதான் அத்த வுட்டுட்டேன்."

வெறுங்கையோடு வீடு வந்து இதைச் சொன்னேன். திட்டு விழும் என்று பார்த்தால், தங்கம்மா முதலில், "அம்மா பெட்டியில மஞ்சளா!" என்றாள். அப்புறம், "வாசன இருக்குன்னாளா? மெய்யாவா?" என்று இரண்டு தரம் கேட்டாள். மறுநாளே பொட்டலத்தை இறக்கி, என்னைப் பட்டறைக்கு லீவு போடவைத்து, திருநின்றவூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே அவள் முதலில் செய்தது, பெட்டியைத் தூக்கி நடு அறையில் மூக்கை வைத்ததுதான். ரொம்ப நேரம் நிமிரவில்லை. சரோஜாவுக்கு விஷயம் புரிந்து, "அய்யோ யக்கா, தெரியாத பூட்ச்சே!" என்று பேப்பர் விரித்துக் கடுகைக் கொட்டப் போனாள். தங்கம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "கொட்டாத. சுத்தி இருக்கறது உன்னுது. நடுவுல இருக்கறது மட்டும் என்னுது."

பொட்டலத்தைப் பிரித்து லப்பெயை நடுவில் வைத்தாள். சரோஜா கடலை வறுத்தாள். ஒரு கிள்ளு வாயில் போட்டதும், "இன்னா யக்கா இது, கஷாயம் மாரி கீது!" என்று முகத்தைச் சுளித்தாள். சுளித்துக்கொண்டே இன்னொரு கிள்ளு எடுத்தாள். மஞ்சள் வாசம் லேசாக ஏறிய லப்பெ அது. ரங்கூனில் அப்படி நான் தின்றதில்லை. நன்றாகத்தான் இருந்தது.

இப்போதும் எங்கிருந்தாவது லப்பெ வந்தால் தங்கம்மா அதை வீட்டில் பிரிக்க மாட்டாள், ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள். அம்பத்தூரில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது, ஒவ்வொரு ஜன்னல் கம்பியும் நான் அடித்தது. திருநின்றவூரில், கடுகுக்கும் மஞ்சளுக்கும் நடுவில், மூன்று விரல் நுழைகிற அளவுக்கு இன்னும் ஒரு அறை இருக்கிறது.