முப்பத்தேழாம் நம்பர் கல்

வீராம்பட்டினத்து ராஜாங்கம் கடலுக்குப் போகாமல், புதுச்சேரி டவுனில் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கல் பீரோவுக்குக் காவலாகப் போனார். பீரோவில் அறுபத்திரண்டு கற்கள். எல்லாம் கப்பலேறி வந்தவை. நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம் என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் இருக்கிற வேலையும் போய்விடும். அதுவும் தற்காலிக வேலை. நிரந்தரம் பண்ணாமலே வெள்ளைக்காரன் ஐம்பத்துநாலில் மூட்டை கட்டிவிட்டான். பிறகு வந்தவர்கள் ராஜாங்கத்தின் மனுக்களை வாங்கி வாங்கி அடுக்கினார்கள்.

அறிவியல் வாத்தியார் தட்சிணாமூர்த்தியை பிரெஞ்சு மரியாதைப்படி முசியே என்பார்கள். அவர் பாடம் நடத்தும்போது கல்லை எடுத்து நீட்டுவது ராஜாங்கத்தின் வேலை. ஒரே பாடத்தைப் பதினொரு வருஷம் கேட்டால் யாருக்குத்தான் வராது? கனிமம் தன்னந்தனி ஆள். எங்கே உடைத்தாலும் உள்ளே அதேதான். பாறை கூட்டுக் குடும்பம். ஒரு கருங்கல்லுக்குள்ளேயே மூன்று கனிமங்கள் முட்டிக்கொண்டு குடியிருக்கும். பூமிக்குள் உருகிக் கிடந்து நிதானமாக ஆறியதால் கருங்கல்லில் படிக மணி பெரிசு. எரிமலை கக்கிய கல் அவசரத்தில் ஆறியது; தடவினால் மணியே தட்டாது. மணற்கல்லைத் தேய்த்தால் கையில் மணல் உதிரும். இதெல்லாம் ராஜாங்கத்தின் விரலுக்கு அத்துப்படி. தட்டில் ஒட்டிய பெயர்தான் தெரியாது. அது பிரெஞ்சில் இருந்தது.

ஐம்பத்தேழில் ஒரு கடிதம் வந்தது. ஆயுத பூஜை முடிந்த பத்தாம் நாள் ஆய்வாளர் வருவார். பட்டியலில் உள்ளதெல்லாம் இருந்தால் ராஜாங்கத்தை நிரந்தரம் பண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போகலாம்.

மீன்காரன் வலைக்கும் கட்டுமரத்துக்கும் பொட்டு வைப்பான். ராஜாங்கத்துக்கு ஆயுதம் கல்தானே? பூஜைக்கு முந்தின நாளே அறுபத்திரண்டையும் அண்டாத் தண்ணீரில் ஊறப்போட்டார். காலையில் துடைத்து அடுக்கினால் அறுபத்தொன்றுதான் இருந்தது. கண்ணாடி போல மினுக்கிய முப்பத்தேழாம் நம்பரைக் காணோம்.

நேரே வாட்ச்மேன் சின்னக்கண்ணுவின் சட்டையைப் பிடித்தார். "வைரம்னு நெனச்சி தூக்கிட்டியாடா?"

"உன் கல்ல வச்சி நான் இன்னா சட்னியா அரைக்கப் போறேன்?"

கத்திக் களைத்த ராஜாங்கம் அண்டாத் தண்ணீரில் முகம் கழுவினார். உதட்டில் உப்புக் கரித்தது. கடல்காரன் நாக்கு பொய் சொல்லுமா? முசியேயிடம் ஓடினார்.

முசியே தலையில் அடித்துக்கொண்டார். "அது சுரங்க உப்புய்யா! உப்ப யாராவது தண்ணில போடுவானா?"

வீட்டில் பெண்டாட்டி அஞ்சம்மாளுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "எங்கிட்ட கருவாட்டு உப்பு கூடையோட கெடக்குது. ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டு வாய மூடிக்கினு நில்லுய்யா."

ராஜாங்கம் கேட்கவில்லை. அண்டாத் தண்ணீரை வீட்டுக்குத் தூக்கிவந்து, வடிகட்டி, தீயை மூட்டிச் சுண்டக் காய்ச்சினார். அழுக்கு உப்புத் தூள்தான் மிஞ்சியது. அப்போதுதான் எரிமலைக் கல் ஞாபகம் வந்தது. அவசரப்பட்டால் மணி எங்கிருந்து வரும்? தூளைக் கொஞ்சம் தண்ணீரில் மறுபடி கரைத்து, தெளியவைத்து, பீங்கான் தட்டில் ஊற்றி அடுப்பங்கரை மூலையில் வைத்தார். பெண்டாட்டி உட்பட யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. மழை வந்தால் ஈரத்தில் தட்டு காயாதே என்று நாளைக்கு நாலு தரம் வானத்தைப் பார்த்தார். எட்டாம் நாள் தட்டில் சின்னச் சின்ன உப்புக் கட்டிகள் முளைத்திருந்தன. புளியங்கொட்டை அளவுதான், ஆனால் ஒவ்வொன்றும் சதுரமாகச் சீவி வைத்தாற்போல இருந்தது.

ஆய்வாளர் வந்தார். முப்பத்தேழாம் தட்டில் நின்றுவிட்டார். "ஒரு கல்லுன்னு போட்டிருக்கு. இங்க ஒரு கைப்பிடி இருக்குதே?"

முசியே கூரையைப் பார்த்தார். ராஜாங்கம் அண்டா முதல் அடுப்பு வரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

"கடையில ஒரு உப்புக்கட்டி வாங்கி வச்சிருந்தா எவனுக்குய்யா தெரியும்?" என்றார் ஆய்வாளர்.

"எனக்குத் தெரியும்ங்க. அது கடை உப்பு, இது சர்க்கார் உப்பு. கருங்கல்ல நொறுக்கிட்டா திரும்பச் சேக்க முடியாதுங்க. இது கனிமம். கரைஞ்சாலும் அதேதாங்க."

ஆய்வாளர் ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் எழுதினார். முசியே எட்டிப் படித்துச் சொன்னார்: "முப்பத்தேழாம் எண்: உருவம் மாறியது, பொருள் மாறவில்லை. ஊழியரை நிரந்தரம் செய்யலாம். கற்களுக்கு இனிப் பூஜை கூடாது."

பதினொரு வருஷத்து ஏக்கம். ராஜாங்கம் பீரோவைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார்.

வாசலில் நின்ற சின்னக்கண்ணுவுக்கு இதுதான் சமயம். "அழுவாத ராஜாங்கம். உன் கண்ணுத்தண்ணியிலயும் உப்பு இருக்குது. அதயும் தட்டுல புடிச்சி நம்பர் போடச் சொல்லிடப் போறாரு ஆய்வாளரு."