தைலம்மாளின் வெள்ளை அணுக்கள்

"இன்னாம்மா எழிலு, எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணு ரத்தத்துல இன்னாதான் கீது?" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் லட்சுமியம்மாள்.

"டாக்டர் வந்து சொல்லுவாருங்க அத்தை," என்றாள் எழில்மதி. கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை.

"எங்கேர்ந்து வருவாரு? வழி பூரா புளியமரத்த வெட்டிப் போட்டு மறியல் பண்றாங்க. அவரு கடலூர்ல மாட்டிக்கினு கீறாரு. ஐப்பசி பொறந்ததும் பந்தக்கால் நடணும்னு நான் தவிக்கிறேன், நீ வாயில கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற?"

எழில்மதி சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடவில்லை. "வெள்ளை அணுவெல்லாம் பெருசு பெருசா கீதுங்க. ரத்தப் புத்துநோயா இருக்கலாம். பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கினு போவணும்."

லட்சுமியம்மாள் கம்பியை விட்டாள். விறுவிறுவென்று வீட்டைப் பார்க்க நடந்தாள்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகள் அடைபட்டுக் கிடந்த எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி அது. அந்தக் கல்யாணப் பெண் தைலம்மாள், கச்சிராயபாளையத்துக் கரும்பு வெட்டுக்காரர் ராசுவின் மகள். பஸ் ஓடாததால், தொண்டை வீங்கிக் காய்ச்சலோடு அப்பாவின் சைக்கிளில் வந்திருந்தாள். "பாத்து குத்துங்கக்கா, உள்ள கரும்புச் சாறுதான் கீது" என்று அந்த நிலையிலும் கேலி பேசியவள்.

மறுநாளே லட்சுமியம்மாள் வீட்டார் நிச்சயப் புடவையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

வழி திறந்து டாக்டர் வந்ததும் தைலம்மாளின் ரத்தம் தடவிய அதே ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். "இது புத்து இல்லம்மா. காய்ச்சல் கிருமியோட சண்டை போடுற அணு இப்படித்தான் ஊதிப் பெருசாகும். ஓரம் பரவி, பக்கத்துச் சிவப்பணுவ அணைச்சிக்கினு நிக்குது பாரு. யார்கிட்டயும் எதுவும் சொல்லலையே?"

"இல்லைங்க," என்றாள் எழில்மதி. காது மடல் எரிந்தது. படிப்பில் இதற்கென்றே ஒரு படம் இருந்தது. பரீட்சையில் சரியாக வரைந்து மார்க்கும் வாங்கியிருந்தாள்.

தைலம்மாளுக்குக் காய்ச்சல் விட்டபின் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அணுக்கள் சின்னதாக, உருண்டையாக, உட்கருவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோர் ரத்தத்திலும் இருப்பது போலவே இருந்தன.

எழில்மதி லட்சுமியம்மாள் வீட்டுக்குத்தான் முதலில் ஓடினாள். அங்கே வேறு பெண் பார்த்தாகிவிட்டது. கச்சிராயபாளையத்துக்குப் பஸ் ஏறிப் போய், தலை நிமிராமலே தைலம்மாளிடம் தன் தப்பைச் சொன்னாள்.

"அந்தக் கல்யாணம் போனா போவுதுக்கா," என்றாள் தைலம்மாள். "தெருவுலதான் நடக்க முடியல. புத்து ஒட்டிக்கும்னு என் சொம்ப யாரும் தொட மாட்டேங்கிறாங்க. ரத்தம் பாத்தவங்க நீங்க. குழாயடிக்கு வந்து, எல்லாரும் பாக்க, என் கையால ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிங்க."