கூட்ஸுக்காக மூடிய கேட்

பல மாதமாகக் காத்திருந்த பார்சல் இன்று திருநகர் வீட்டுக்கு வந்தது.

"புள்ளைகளுக்காண்ணே?" என்றார் கொண்டுவந்தவர், பெட்டியிலிருந்த ரயில் படத்தைப் பார்த்து.

"ஆமா" என்று சொல்லிவைத்தேன். வீட்டில் நான் மட்டும்தான்.

மேஜையில் ஓடும் என் பொம்மை ரயிலுக்கு, தானாக மூடித் திறக்கும் ரயில்வே கேட் அது. வயரை மாட்டியதும் சின்ன மணி கிணுகிணுத்தது.

அப்பாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது. முன்கம்பியில் என்னை வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழுத்துவார். அவரும் என்னைப்போலக் கூச்சக்காரர். வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் மட்டும் பேசுவார். மற்றவர்கள் சைக்கிளைச் சாய்த்து அடியில் நுழைந்துவிடுவார்கள்.

"குனிஞ்சு வாங்கண்ணே, ரயில் வர நேரங்கெடக்கு!"

"நீ போப்பா, நாங்க நிண்டு வாரோம்."

பிறகு என் தலைக்கு மேலிருந்து குரல் வரும். "நேத்து என்னடா பாடம் நடத்துனாங்க?"

அவர் மூச்சில் வெற்றிலை மணக்கும். நான் பாதி சொல்வதற்குள் ரயில் போய்விடும், கேட் ஏறிவிடும். அதன்பின் பள்ளிக்கூடம் வரைக்கும் செயின் சத்தம்தான். ஒருநாள் கூட்ஸ் வண்டி வந்தது.

"எம்புட்டு நீளம் பாத்தியா! மெதுவாத்தான் போகும். நீ சொல்லு" என்றார். அன்று முழுக் கதையும் சொன்னேன்.

இன்று பயணிகள் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, என்னிடமிருந்த சரக்குப் பெட்டிகள் அத்தனையையும் கோத்தேன். வேகத்தையும் குறைத்தேன். மணி அடித்தது, கேட் இறங்கியது.

மேஜை சின்னது. வண்டி சீக்கிரமே கடந்துவிட்டது.